ஓடைக்கரையில் கட்டுமான வேலை: கலங்கல், எண்ணெய்ப் படலம், மூச்சுத் திணறும் மீன் - எதைப் பார்த்தால் என்ன செய்வது

ஓடையை ஒட்டிய வேலைகளில்தான் என் காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. சிறு பாலம், தடுப்புச்சுவர், குழாய் பதிப்பு என்று வேலை மாறும். ஓடைக்கு வரும் கோளாறு மாறுவதில்லை. அதே கலங்கல், சேறு ஓடைக்குள் போகாமல் இருக்கக் கம்பம் நட்டுத் துணி கட்டும் துணிவேலி அதேபோலச் சாய்ந்து, காலையில் குழிக்குள் கிடக்கும் அதே ஆமை. அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் பிடிபட்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், செலவு பிடிப்பதைக் கடைசியில்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோளாறு கண்ணில் படுவது ஓடையில். காரணம் இருப்பது பெரும்பாலும் மேட்டில். ஓடைக்குள் இறங்கி எதையாவது செய்யத் தோன்றும்போதெல்லாம், முதலில் மேட்டுப் பக்கம் நடங்கள்.

கையோடு வைத்துக்கொள்ள: மூடியுள்ள, நிறமில்லாத பாட்டில்கள் நான்கைந்து, பிஹெச் தாள் (தண்ணீரின் அமில, காரத் தன்மையை நிறத்தால் காட்டுவது), நீளமான குச்சி, டார்ச், எண்ணெய் மட்டும் உறிஞ்சும் திண்டுகள். எந்தச் சோதனையையும் இரண்டு இடத்தில் செய்யுங்கள்: ஓடை ஓடிவரும் திசையில் வேலை நடக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்ப்பக்கத் தண்ணீரை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் மேல்பக்கம் போங்கள். மாற்றிச் செய்தால் உங்கள் கால் கிளப்பிய சேறே கீழ் பாட்டிலுக்குள் வந்துவிடும்.

## தண்ணீர் கலங்கி ஓடுகிறது

இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் காரணம் நமக்கு மேலே எங்கோ இருக்கிறது. படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, வேலைக்கு அனுமதி தந்த அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். மேல் பாட்டில் தெளிவு, கீழ் பாட்டில் கலங்கல் என்றால் அது நம்முடையதுதான். கீழே இருக்கும் மூன்றில் உங்கள் நிலைமை எது என்று பாருங்கள். அனுமதிக் கடிதத்தில் கலங்கலுக்கு ஒரு வரம்பு எண் போட்டிருந்தால் பாட்டில் போதாது. கலங்கல்மானி வைத்து அளந்தே ஆகவேண்டும்.

### மழையே இல்லை, ஆனாலும் கலங்கல்

எல்லா வேலையையும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் தெளிந்தால் வேலைகளை ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். எதைத் தொடங்கியதும் கலங்குகிறதோ அதுதான் காரணம். இதற்கு ஒரு செலவும் இல்லை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வண்டியோ ஜேசிபியோ ஓடையைக் கடந்துபோகிறது. குழியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் நேராக ஓடைக்குள் தள்ளுகிறது. அல்லது ஓடைப் படுகையிலேயே தோண்டுகிறார்கள். வண்டி கடப்பதுதான் காரணம் என்றால் அதற்குத் தற்காலிகப் பாலம் போடுவதே வழி. 'ஒரே ஒரு தடவைதான்' என்று ஆரம்பிக்கும் வழி ஒரு வாரத்தில் சாலையாகிவிடும். மோட்டாருக்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது. படுகையில் தோண்டித்தான் ஆகவேண்டும் என்றால், அந்தப் பகுதியை மணல் மூட்டையாலோ தடுப்புப் பலகையாலோ பிரித்து, ஓடும் தண்ணீரைக் குழாய் வழியாகச் சுற்றி அனுப்பிவிட்டு, உலர்ந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும். தண்ணீரைத் திருப்பும் ஏற்பாட்டை மேஸ்திரியின் கண்மதிப்புக்கு விடாதீர்கள். நீர்வளப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும். அடைத்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் மீன்களைப் பிடித்து விட அதற்குப் பழகியவர் வேண்டும்.

### மழை பெய்தால் மட்டும் கலங்குகிறது

மழை விட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு போங்கள். இடி மின்னல் இருந்தால் மட்டும் அது ஓயும் வரை பொறுங்கள். கலங்கல் ஓடையில் கலக்கும் இடத்தில் நின்று, அந்தப் பழுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேட்டுக்கு ஏறுங்கள். அது எங்கே பிறக்கிறதோ அங்கேதான் வேலை.

ஒரு தடுப்புச்சுவர் வேலையில் மூன்று மழைக்கும் துணிவேலியையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டு முறை இழுத்துக் கட்டினோம், ஒரு முறை புதிதாகவே போட்டோம். நான்காவது மழையில் நனைந்துகொண்டு மேலே ஏறிப் போனேன். வேலிக்கு வெகு தூரம் மேலே, ஜல்லி வண்டி திரும்பும் இடத்தில், சக்கரத் தடம் இரண்டும் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் போல அறுத்துக்கொண்டு ஓடிற்று. சரிவு முழுக்க விழுந்த மழை அந்த இரண்டு தடங்களில் இறங்கி, வேலியின் ஒரே மூலையில் வந்து மோதியது. தடங்களை மூடி, பாதைக்குக் குறுக்கே சாய்வாக நான்கு மண்மேடு போட்டு, தண்ணீரைப் பக்கத்துப் புல்லில் இறக்கிவிட்டோம். அடுத்த மழைக்கு அதே வேலி அசையவில்லை.

பார்க்க வேண்டிய வரிசை இது. மண் குவியல் மூடியிருக்கிறதா? மூடவில்லை என்றால் தார்ப்பாய் போட்டு ஓரங்களுக்குப் பாரம் வையுங்கள். குவியல் கரைக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதைக் குறைந்தது பத்து மீட்டராவது தள்ளிப் போடுங்கள், இன்னும் தள்ளிப் போனால் இன்னும் நல்லது. வண்டிப் பாதை சேறாகிவிட்டதா? பெரிய ஜல்லி போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். புல்லில்லாத சரிவு வெறுமனே கிடக்கிறதா? வைக்கோல் பரப்புங்கள், சரிவு செங்குத்தானால் சணல் வலை அல்லது தென்னைநார்ப் பாய் விரித்து முளையடியுங்கள். கடைசியாக, மேட்டிலிருந்து வரும் நல்ல தண்ணீர் நம் இடத்துக்குள் புகுந்து சேறாகிறதா என்று பாருங்கள். அதை வேலை எல்லைக்கு வெளியே ஒரு வாய்க்காலில் திருப்பிவிட்டால் உள்ளே சமாளிக்க வேண்டிய தண்ணீர் வெகுவாகக் குறையும்.

இவ்வளவும் செய்தும் கலங்கல் வந்தால்தான், சேற்றைப் படியவைக்கும் வண்டல் குட்டை தோண்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதன் அளவையும் உபரிநீர் வழியையும் பொறியாளர் முடிவு செய்யட்டும். தவறாகக் கட்டிய குட்டை உடைந்தால் அதுவரை சேர்ந்த சேறு மொத்தமும் ஒரே நேரத்தில் ஓடைக்குள் போய்விடும்.

### குட்டையில் தேங்கிய தண்ணீர் ஒரு நாளாகியும் தெளியவில்லை

பாட்டில் சோதனை செய்யுங்கள். குட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பிக் குலுக்கி, ஆடாத இடத்தில் வைத்து நேரம் பாருங்கள். மெல்லிய மணலாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்தும் மேல்பாதி காவி நிறத்திலேயே இருந்தால் அது களிமண். 2 மைக்ரான் அளவுள்ள களிமண் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, அசையாத தண்ணீரிலேயே மூன்று நாளுக்கு மேல் ஆகும். துணிவேலியும் அதைப் பிடிக்காது, சாக்குப்பையும் பிடிக்காது.

அப்போது செலவு குறைந்த வழி, அந்தத் தண்ணீரை ஓடைக்கு விடாமல் தள்ளியிருக்கும் புல்தரையில் மெல்லப் பரவவிட்டு மண்ணுக்குள் இறங்கச் செய்வது. இடமில்லை என்றால், துகள்களை ஒன்றாகத் திரட்டிப் படியவைக்கும் மருந்து போடவேண்டி வரும். இங்கே தயவுசெய்து ஆளைக் கூப்பிடுங்கள். சில பாலிமர் வகைகள், முக்கியமாக நேர்மின்னேற்றம் உள்ளவை, மீனின் செவுளில் ஒட்டி அதைக் கொன்றுவிடும். படிகாரம் அளவு மீறினால் தண்ணீரை அமிலமாக்கும். எந்த மருந்தையும் ஓடைக்குள் நேராகப் போடவே கூடாது.

## துணிவேலி சாய்கிறது, அல்லது அடியில் தண்ணீர் வருகிறது

துணிவேலி வடிகட்டி அல்ல. தண்ணீரைச் சற்று நேரம் தேக்கி, வண்டலைப் படியவைப்பதுதான் அதன் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் தவறு தானே தெரியும்.

அடியில் தண்ணீர் வருகிறதா? துணியின் கீழ் ஓரம் மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். சுமார் 15 செ.மீ. ஆழப் பள்ளத்தில் துணியை இறக்கி, மேட்டுப் பக்கமாக மடக்கி, மண் போட்டு மிதித்திருக்க வேண்டும். மேலே கல் வைத்து அமுக்கியிருந்தால் போதாது.

ஓரத்தில் சுற்றிக்கொண்டு போகிறதா? வேலியின் இரண்டு முனைகளையும் மேட்டை நோக்கி வளைத்து விடுங்கள்.

நடுவில் தொப்பை போட்டுச் சாய்கிறதா? முதலில் பின்னால் சேர்ந்த வண்டலை அள்ளுங்கள். வேலி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததுமே அள்ளிவிட வேண்டும். கம்பங்கள் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் இடையில் ஒன்று அடியுங்கள். கம்பம் ஓடைப் பக்கமும் துணி மேட்டுப் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் தண்ணீர் தள்ளும்போது துணி கம்பத்திலிருந்து பிய்ந்துவிடும். அப்படியும் சாய்ந்தால், அந்த இடத்துக்குத் தண்ணீர் ஓடையாகத் திரண்டு வருகிறது என்று அர்த்தம். துணிவேலி அதற்கானதல்ல. மேலே சொன்னபடி மேட்டிலேயே பிரித்து விடுங்கள்.

ஓடைக்குக் குறுக்கே துணிவேலி கட்டியிருப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். உடனே எடுத்துவிடுங்கள். ஓட்டம் அதைப் பிய்த்துக்கொண்டு போகும், அதுவரை மீனும் கடக்க முடியாது.

## மோட்டாரிலிருந்து சேற்றுத் தண்ணீர் வருகிறது

உறிஞ்சும் முனை குழியின் அடியில் சேற்றில் கிடக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கு எட்டு முறை இதுதான். துளையிட்ட டிரம் ஒன்றை ஜல்லிக்கு நடுவில் நிறுத்தி, முனையை அதற்குள் தொங்கவிடுங்கள். வெளியேறும் தண்ணீரை வடிகட்டுப் பைக்குள் விட்டு, பையைக் கரையிலிருந்து தள்ளிப் புல்மேல் வையுங்கள். பை பந்து போல உப்பி நின்றால் மோட்டார் அதற்குப் பெரியது என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள் அல்லது இன்னொரு பை சேருங்கள்.

ஓடையிலிருந்தே தண்ணீர் உறிஞ்சுகிறீர்கள் என்றால் முனையில் இரண்டு மூன்று மி.மீ. கண்ணுள்ள வலைக்கூடு கட்டாயம். கூடு பெரிதாக இருந்தால் இழுப்பு பரவி, மீன்குஞ்சு வலையில் ஒட்டிக்கொள்ளாமல் நீந்திப் போகும்.

## தண்ணீர் வெள்ளையாக, பால் கலந்தது போல் இருக்கிறது

கான்கிரீட் வேலை நடந்த நாளா? அப்படியென்றால் பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள். கான்கிரீட் கழுவிய தண்ணீரின் பிஹெச் 12 முதல் 13 வரை இருக்கும். மீன்கள் தாங்குவது ஏறக்குறைய 6.5 முதல் 9 வரை. ஓடையில் 9-ஐத் தாண்டியிருந்தால் உடனே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், தாமதம் வேண்டாம். தெளிவாகத் தெரியும் தண்ணீரும் பிஹெச் மிகுந்ததாக இருக்கலாம் என்பதால், கான்கிரீட் போட்ட நாளில் கண்ணை நம்பாமல் தாளை நம்புங்கள்.

வந்த வழியைத் தேடுங்கள். கலவை வண்டியின் சரிவுத் தகட்டை எங்கே கழுவினார்கள், கரணையும் பாண்டும் எங்கே கழுவினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் வேலை முடியும் நேரத்தில், பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே என்று யாராவது ஓடையிலேயே கழுவியிருப்பார்கள். திட்டுவதைவிட, கழுவ வேறு இடம் வைத்துக்கொடுப்பது வேலை செய்யும். கனத்த பிளாஸ்டிக் தாள் விரித்த ஒரு குழி, பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம், கண்ணில் படும்படி ஒரு பலகை. குழி முக்கால்வாசி நிரம்பியதும் காலி செய்யுங்கள்.

கழுவும் இடம் சரிதான் என்றால் கான்கிரீட் ஊற்ற அடித்த பலகையடைப்பின் இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகுகிறதா, புதிய கான்கிரீட்டின் மேல் மழைநீர் ஓடி இறங்குகிறதா என்று பாருங்கள். குழியில் தேங்கிய சிமென்ட் தண்ணீரை நீங்களே அமிலம் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது ஆளையும் ஓடையையும் ஒன்றாகக் கெடுக்கும் வேலை. கரியமில வாயு செலுத்திப் பிஹெச்சைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். சிமென்ட் தண்ணீர் தோலைப் புண்ணாக்கும், அதனால் தொடும்போது ரப்பர் கையுறை போடுங்கள்.

## தண்ணீர்மேல் வானவில் நிறப் படலம்

குச்சியால் படலத்தைக் குத்துங்கள். கண்ணாடிச் சில்லு போலத் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள ஊற்றுநீரில் வளரும் பாக்டீரியா. இயற்கையானது, விட்டுவிடுங்கள். சுழன்று சுழன்று மறுபடி கூடிக்கொண்டால், அல்லது டீசல் வாடை அடித்தால், எண்ணெய்.

எண்ணெய் என்றால் முதல் வேலை அது கசியும் இடத்தை அடைப்பது. ஜேசிபியின் ஹைட்ராலிக் குழாய், நேற்று டீசல் ஊற்றிய இடம், மூடி சரியாக இல்லாத கேன், மோட்டாருக்கு அடியில் சொட்டு என்று இந்த வரிசையில் பாருங்கள். அடுத்து, படலம் போகும் திசையில் கீழ்ப்பக்கம், ஓட்டம் மெதுவான இடமாகப் பார்த்து, எண்ணெய் உறிஞ்சும் உருளையை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சாய்வாகக் கட்டுங்கள். கரையில் சிந்தியதன்மேல் மரத்தூளோ உலர்மண்ணோ போட்டு, அள்ளி, மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். சோப்புத்தூளைக் கொட்டாதீர்கள். எண்ணெய் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆனால் தண்ணீருக்குள்ளேயே கலந்து மீனுக்கு இன்னும் கெடுதலாகும்.

கசிவை அடைத்த பிறகும் படலம் வந்துகொண்டே இருந்தால், எண்ணெய் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. கசிவு கையாளும் குழுவையும் அதற்குப் பொறுப்பான அலுவலகத்தையும் கூப்பிட வேண்டிய கட்டம் அது.

## மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

தண்ணீரில் காற்று போதவில்லை, அல்லது ஏதோ விஷம் கலந்திருக்கிறது. மேல்பக்கத்து மீன்களும் அப்படியே செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கீழே மட்டும் என்றால், ஓட்டம் குறைந்துவிட்டதா? தண்ணீரைச் சுற்றி அனுப்பும் மோட்டார் இரவில் டீசல் தீர்ந்து நின்றிருக்கலாம். நான் பார்த்ததில் அதிகம் இதுதான், அதுவும் விடியற்காலையில். ஆக்சிஜன் மிகக் குறைவது விடிவதற்கு முன்புதான். வெயில் காலத்தில் இன்னும் மோசம்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். 5-க்குக் கீழே போனாலே பல மீன்கள் திணறும். மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் கல்லின்மேல் தெறித்து விழும்படி குழாய் முனையைத் தூக்கி வையுங்கள். இரவுக் காவலுக்கு ஓர் ஆளும், மாற்று மோட்டார் ஒன்றும் இல்லாமல் தண்ணீரைத் திருப்பும் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஓட்டம் சரியாக இருந்தால் பிஹெச் தாள், பிறகு எண்ணெய்க் குச்சி. இரண்டிலும் ஒன்றும் தெரியாமல் மீன் செத்து மிதக்க ஆரம்பித்தால் வேலையை நிறுத்துங்கள். மேலும் கீழும் தண்ணீர் எடுத்து, பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, மூடி, குளிர்ச்சியில் வைத்து, மீன்வள அலுவலரைக் கூப்பிடுங்கள். செத்த மீன்களை அவர் வரும்முன் அள்ளிப் புதைக்காதீர்கள்.

## குழிக்குள் ஏதோ விழுந்திருக்கிறது

குழாய்ப் பள்ளத்தின் செங்குத்துச் சுவர், இரவில் தண்ணீர் தேடி வரும் எல்லாவற்றுக்கும் பொறி. ஒரு நாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பள்ளத்தின் ஒரு மூலை முழுக்க ஒரே உயரத்தில் நகக் கீறல்கள். கீழே உள்ளங்கை அகல ஆமை ஒன்று, ஓட்டின் விளிம்பெல்லாம் மண் அப்பி, இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க ஏறியிருக்கிறது. ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தால் சில நிமிடத்தில் வெளியே போயிருக்கும். அதன்பிறகு பலகை வைக்காமல் நான் வேலையை முடித்ததில்லை.

பலகையின் சாய்வு 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். பிடிப்புக்குக் குறுக்குச் சட்டம் அடியுங்கள். நீளமான பள்ளத்துக்கு இரண்டு முனையிலும் இடையிலும் வையுங்கள். சின்னக் குழியை இரவில் மூடிவிடுங்கள். அடுக்கி வைத்த குழாய்களின் வாயை அடைத்து வையுங்கள். காலையில் மண் தள்ளும் முன் பள்ளத்தை முழுக்க நடந்து பாருங்கள்.

தவளை, ஆமை என்றால் ஈரக் கையால் எடுத்து, அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே நிழலில் விடுங்கள். பாம்பு என்றால் தொடவேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு, பாம்பு மீட்பவரைக் கூப்பிடுங்கள். முட்டுக் கொடுக்காத ஆழமான பள்ளத்துக்குள் எந்த உயிரைக் காப்பாற்றவும் இறங்காதீர்கள், மேலிருந்து வலையோ பலகையோ போடுங்கள். சரிவில் விரித்த பிளாஸ்டிக் வலையில் பாம்பு சிக்கியிருந்தால், மீட்பவர் வந்து அறுத்து எடுத்த பிறகு அந்த வலை மொத்தத்தையும் சுருட்டிவிட்டு, சணல் வலை போடுங்கள்.

## வெட்ட வேண்டிய புதரில் கூடு இருக்கிறது

கத்தியைக் கீழே வையுங்கள். கூட்டைப் பெயர்த்து வேறு மரத்தில் வைத்தால் தாய் அநேகமாக அங்கே வராது. முட்டையோ குஞ்சோ இருந்தால் சுற்றிலும் கயிறு கட்டி, வேறு பக்கத்து வேலையைப் பாருங்கள். சிறு பறவைகளுக்கு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு மாதம் போலத்தான் ஆகும். கொக்கு, கழுகு மாதிரி பெரியவற்றுக்கு இன்னும் கூடும். எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதைப் பறவை தெரிந்தவரோ வனத்துறை அலுவலரோ சொல்லட்டும். தாய்ப் பறவை உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தால் கயிறு இன்னும் தள்ளிப் போக வேண்டும் என்று அர்த்தம். காலியான கூடு என்றாலும் படம் எடுத்துக் கேட்டுவிட்டு வெட்டுங்கள். சில இனங்கள் அதே கூட்டுக்குத் திரும்பி வரும்.

## கரையில் விரிசல்

ஓடைக்கு இணையாக நீளவாட்டில் விரிசல் ஓடினால் கரை நழுவத் தொடங்கியிருக்கிறது. முதலில் கரைமேல் இருக்கும் ஆட்களை விலக்குங்கள். அடுத்து ஜேசிபி, அப்புறம் மண் குவியல். விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை அளந்து எழுதுங்கள். நாளில் இரண்டு முறை அளங்கள். விரிசலுக்குள் மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் போடுங்கள். அடைத்து வைத்த தண்ணீரை வேகமாக வடிப்பதாக இருந்தால் அதை நிறுத்துங்கள், ஈரக் கரை தாங்காது. இதற்குமேல் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இடைவெளி ஒரு விரல்கடை கூடினாலும் மண் பொறியாளர் வரும் வரை கரைப் பக்கம் யாரும் போகக் கூடாது.

## வேலை முடிந்துவிட்டது, மழைக்கு மறுபடி கலங்குகிறது

துணிவேலியைச் சீக்கிரம் கழற்றியிருப்பார்கள். விதைத்த புல் சரிவை மூடிப் பிடித்து நிற்கும் வரை வேலி இருக்கட்டும். கழற்றும் முன் பின்னால் கிடக்கும் வண்டலை அள்ளி, மேட்டில் கொண்டுபோய்ப் பரப்பி, அதன்மேலும் விதை போடுங்கள்.